மாமியைப் பார்க்கிறவள்

லண்டன்
14.01.2023

அன்புள்ள கீர்த்திகாவுக்கு,

உமக்கும் அம்மாவுக்கும் எங்கள் எல்லோருடைய பொங்கல் வாழ்த்து. இங்கே குளிரைத் தவிர வேறு குறை இல்லை. நீங்கள் இருவரும் சுகமாக இருக்கவேண்டும் என்று காலையில் விளக்கேற்றும்போது நினைத்துக்கொண்டேன்.

நீர் கேட்டபடி இனி அம்மாவோடு தொலைபேசியில் கதைக்கமாட்டேன். என் குரலைக் கேட்டால் அன்று முழுக்கப் படலையைப் பிடித்துக்கொண்டு "கௌரி வாறாள்" என்று வெயிலில் நிற்கிறார், உள்ளே கூப்பிட்டால் உமக்கு அடிக்கிறார் என்று நீர் சொன்னபிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உம்மோடு கதைத்தாலும் அவருக்குக் கேட்டுவிடும். அதனால்தான் கடிதம் எழுதுவோம் என்றேன். போனில் எழுத்தாகத் தட்டி அனுப்பினால் "சுகம்", "ஓம்", "சரி" என்பதோடு முடிந்துவிடும். பேனையை எடுத்துக்கொண்டு இருந்தால் மனதில் கிடப்பது வெளியே வரும். என் வேலையிலும் எல்லோருக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

என் வேலை என்னவென்று ஒருமுறை கேட்டீர். நான் இருப்பது ஒரு தொண்டு நிறுவனத்தில். வீட்டில் நோயாளியை வைத்துப் பார்க்கும் மனைவி, மகன், மகள் இவர்களிடம் போவேன். நோயாளியைப் பற்றி அல்ல, அவர்களைப் பற்றித்தான் கேட்பேன். நித்திரை வருகிறதா, இடுப்பு நாரி நோகிறதா, கடைசியாக எப்போது வெளியே போனீர்கள், மனம்விட்டுக் கதைக்க ஆள் இருக்கிறதா என்று. ஓய்வு தேவைப்பட்டால் மாற்றுக்கு ஒருவரை ஒழுங்கு செய்து கொடுப்போம். இத்தனை வருட அனுபவத்தில், ஒருவர் கதவைத் திறக்கும் விதத்திலேயே அவர் எவ்வளவு களைத்துப்போயிருக்கிறார் என்று சொல்லிவிடுவேன்.

தம்பி தனோஜன் அந்த மோட்டார்சைக்கிள் விபத்தில் போனபிறகு நீர் உம்முடைய தாய்வீட்டுக்குப் போயிருக்கலாம். பிள்ளைகுட்டியும் இல்லை. ஆனாலும் எங்கள் அம்மாவோடு நின்றுகொண்டீர். அந்த நன்றியை நான் மறக்கமாட்டேன். உம்மைப் பற்றியும் எழுதும். அம்மாவைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு நிறுத்தவேண்டாம்.

அன்போடு உம்முடைய மச்சாள்,
ஜெயகௌரி


மீசாலை
20.02.2023

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அத்தானும் பிள்ளைகளும் குளிரில் வருத்தம் வராமல் இருக்கவேண்டும். மாமி சுகம். சாப்பாடு இறங்குகிறது. பிரசர் குளிசையைச் சோற்றுக்குள் வைத்துக் கொடுக்கிறேன், இல்லாவிட்டால் துப்பிவிடுகிறார்.

காலையில் நல்லவர். தேத்தண்ணீர் குடித்துவிட்டு முற்றம் கூட்ட வருவார். வெயில் ஏறிய பிறகுதான் ஆள் மாறுவது. குடையை எடுத்துக்கொண்டு "சாவகச்சேரிச் சந்தைக்குப் போகோணும், பஸ் வந்திடும்" என்று வெளிக்கிடுவார். கையைப் பிடித்தால் கோபம். போன கிழமை முன்வீட்டுச் சீவரத்தினம் ஐயாவின் மனைவி கொஞ்சம் முருங்கைக்காய் கொண்டுவந்தார். மாமி அவரை மாமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டுபோய், "உவள் என்ரை சங்கிலியைக் களவெடுத்துப்போட்டாள். சோத்துக்கு வந்து நிக்கிற வேலைக்காரி. பொலிசிலை சொல்லு" என்றார். முன்வீட்டுக்காரி சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் போகும்போது மாமியின் கழுத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் போனார். சங்கிலியை முன்னமே உங்களிடம் கொடுத்துவிட்டது முன்வீட்டுக்காரிக்குத் தெரியாதுதானே.

குளிக்கவார்ப்பதுதான் பெரிய பாடு. தண்ணீர் தலையில் பட்டால் கொல்லப்போகிறேன் என்று நினைக்கிறார் போல. வீட்டுக்கு வெளியே ஒழுங்கைக்குக் கேட்கக் கத்துவார்.

என்னைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். நான் சுகம். எழுத்துக் கோணலாக இருந்தால் குறை நினைக்கவேண்டாம், வலக்கை விரல் இரண்டு வீங்கியிருக்கிறது. கதவில் நசுங்கியது.

பண்டத்தரிப்பில் என் அம்மாவுக்குச் சீனி வருத்தம் கூடிக் காலில் புண் வந்திருக்கிறது. தீபாவளிக்குப் பிறகு நான் போகவில்லை. பக்கத்து வளவில் கனகரத்தினம் மாமா இருக்கிறார், அவர்தான் மருந்துகட்டக் கூட்டிக்கொண்டு போகிறார். நான் ஒரே பிள்ளை என்பதால் அம்மாவுக்குக் கொஞ்சம் யோசனை. வேறொன்றுமில்லை.

உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் பிள்ளையாரை வேண்டும்,
கீர்த்திகா


லண்டன்
11.04.2023

அன்புள்ள கீர்த்திகாவுக்கு,

பதில் பிந்தியதற்குக் கோபிக்கவேண்டாம். வேலை தலைக்குமேல். இங்கே எல்லோரும் சுகம். நீங்கள் இருவரும் அப்படியே என்று நம்புகிறேன். உம்முடைய எழுத்து ஒன்றும் கோணலில்லை, எப்போதும்போல அழகாகத்தான் இருக்கிறது.

போன மாதம் எங்கள் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தேன். உம்முடைய கடிதத்தை மொழிபெயர்த்து வாசித்தேன், பெயரைச் சொல்லவில்லை. சங்கிலிக் கதை வந்தபோது ஒரு பெண் அழுதேவிட்டாள். முடிந்தபிறகு எல்லோரும் வந்து என் கையைப் பிடித்து, இப்படி ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருக்கக் கொடுத்துவைத்திருக்கவேண்டும் என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

நீர் உமக்கென்று கொஞ்ச நேரம் ஒதுக்கவேண்டும், கீர்த்திகா. ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலமாவது வெளியே நடந்துவிட்டு வாரும். பிடித்த பாட்டைக் கேளும். ஒரு பார்சல் போட்டிருக்கிறேன். அம்மாவைத் துடைக்க ஈரத்தாள்களும், உமக்குக் கைக்குப் பூச ஒரு கிறீமும் இருக்கிறது. லவெண்டர் வாசம், மனதுக்கு ஆறுதல்.

ஆவணியில், ஓகஸ்ட் பிறந்ததும், வருகிறேன், நிச்சயம். ஒரு மாதம் நிற்பேன். அம்மாவை நான் பார்க்கிறேன், நீர் உம்முடைய அம்மாவிடம் போய் ஆற அமர இருந்துவிட்டு வாரும்.

அன்போடு,
ஜெயகௌரி மச்சாள்


மீசாலை
09.05.2023

அன்புள்ள மச்சாளுக்கு,

நீங்கள் ஆவணியில் வருவதாக எழுதியதைக் கண்டு நான் பட்ட சந்தோசத்தை எப்படிச் சொல்வது. வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். பார்சல் வந்தது. ஈரத்தாள் நல்ல உதவி. கிறீமை மாமி சாப்பிடப் பார்த்தார், அலுமாரிக்கு மேல் வைத்திருக்கிறேன்.

நடக்கச் சொன்னீர்கள். நடக்கிறேன். மாமி முன்னால் போகிறார், நான் பின்னால் போகிறேன்.

சித்திரை வருடப்பிறப்புக்கு அம்மாவை ஒருதரம் பார்த்துவிட்டு வரலாம் என்று முன்வீட்டுக்காரியிடம் கேட்டேன். "அரை நாள் தானே, நான் பாக்கிறன் பிள்ளை, போட்டு வா" என்றார். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இறங்கிப் பண்டத்தரிப்பு பஸ்சில் ஏறி இருந்தேன். இன்னும் வெளிக்கிடவில்லை, போன் அடித்தது. மாமி வேலியில் ஓட்டையாயிருந்த பொட்டுக்குள்ளால் புகுந்து பெரிய ரோட்டுக்குப் போய்விட்டார். லொறிக்காரன் பிறேக் அடித்திராவிட்டால் அவ்வளவுதான். நான் அடுத்த பஸ்சில் திரும்பிவிட்டேன். முன்வீட்டுக்காரி என்னைக் கண்டதும், "இனி என்னட்டைக் கேளாதை பிள்ளை. பழி பாவம் எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். சம்பளத்துக்கும் ஒரு ஆள் பிடித்துப் பார்த்தேன். மாமி முகத்தைப் பிறாண்ட, அந்தப் பெண் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நிற்காமல் போய்விட்டார்.

ஒரு முதியோர் நலச் சங்கத்திலிருந்து தாரிகா என்று ஒரு அலுவலர் வீட்டுக்கு வந்தார். நல்ல பிள்ளை. மாமியின் வயது, வருத்தம், குளிசை எல்லாம் கேட்டு எழுதினார். பிறகு என்னைப் பார்த்து,

"நீங்கள் ஆர், மகளோ?"

"மருமகள்."

"என்ன வேலை செய்யிறியள்?"

"மாமியைப் பாக்கிறன்."

"அது சரி அக்கா, வேலை என்னெண்டு கேட்டனான்."

"ஒண்டுமில்லை."

அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு, மாமிக்கு ஒரு சக்கர நாற்காலி எடுத்துத் தரலாம் என்றார். "அவ ஓடுறா தங்கச்சி" என்றேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேறு என்ன உதவி தர இருக்கிறதென்று கேட்டேன். மூக்குக்கண்ணாடியும் ஊன்றுகோலும் இருக்கிறதாம். நாலு நாள் வந்து மாமியோடு நிற்க ஒரு ஆள் கிடைக்குமா என்றேன். "அப்பிடி ஒண்டும் எங்களட்டை இல்லை, அக்கா. வீட்டிலை நீங்கள் இருக்கிறியள்தானே?" என்றார். மச்சாள், உங்கள் ஊரில் அதற்கென்று ஆள் இருக்கிறது என்று நீங்கள் எழுதியதை அன்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்குப் பெருவிரலை எடுக்கவேண்டி வரலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். ஆவணியில் நான் வருகிறேன் என்று சொன்னதும் ஆள் தெம்பாகிவிட்டார். எனக்கென்று ஒரு புதுப் பாய் வாங்கி வைத்திருக்கிறாராம். வரும் திகதியை எழுதுங்கள், சொல்லவேண்டும்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
கீர்த்திகா


லண்டன்
22.07.2023

அன்புள்ள கீர்த்திகாவுக்கு,

எல்லோரும் சுகம்தானே. எழுதுவதற்கே சங்கடமாக இருக்கிறது. ஆவணியில் வர முடியாமல் இருக்கிறது. மூத்தவளின் பரீட்சை முடிவு அந்த மாதம்தான் வருகிறது, பல்கலைக்கழகம் பார்க்கவேண்டும். வேலையிலும் இரண்டு பேரை நிறுத்திவிட்டார்கள், அவர்களுடைய குடும்பங்களும் என் தலையில். கஷ்டப்படுகிறவர்களை நடுவில் விட்டுவிட்டு வர மனம் வருகுதில்லை.

மார்கழியில் கட்டாயம் வருவேன். அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். நீர் திடமான ஆள், எனக்குத் தெரியும். உம்முடைய அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லும். காலைக் கவனமாகப் பார்க்கச் சொல்லும், சீனி வருத்தக்காரர் செருப்பில்லாமல் நடக்கக்கூடாது.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

ஜெயகௌரி


மீசாலை
08.08.2023

அன்புள்ள மச்சாளுக்கு,

மாமி சுகம். உங்கள் கடிதம் கிடைத்தது.

என் அம்மாவை ஆஸ்பத்திரி வாட்டில் மறித்து வைத்துவிட்டார்கள். விரல் இல்லை, முழங்காலோடு எடுக்கவேண்டுமாம். ஒரு மாதம் வேண்டாம் மச்சாள். ஒரு கிழமை வந்து மாமியோடு நிற்க முடியுமா? பிள்ளைகளின் அலுவல் முடிந்தவுடன் என்றாலும் பரவாயில்லை.

கீர்த்திகா


லண்டன்
19.09.2023

அன்புள்ள கீர்த்திகாவுக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருக்கவேண்டும். நாங்கள் இரண்டு கிழமை ஸ்பெயினுக்குப் போயிருந்தோம், முன்னமே பதிந்து வைத்த பயணம், விட முடியவில்லை. வந்து பார்த்தால் உம்முடைய கடிதம் மற்றக் காகிதங்களுக்குள் கிடந்தது. ஐந்தாறு வரியில் எழுதியிருந்ததால் அவ்வளவு அவசரம் என்று முதலில் விளங்கவில்லை.

இதற்குள் உம்முடைய அம்மா சுகமாகி வீட்டுக்கு வந்திருப்பார் என்று நினைக்கிறேன். கால் எடுத்தவர்கள் இங்கே எவ்வளவு நன்றாக நடமாடுகிறார்கள் தெரியுமா. மூத்தவளுக்கு நல்ல பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது. டிசம்பர் 16க்கு டிக்கெற் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கொஞ்சம் விபரமாக எழுதும். உம்முடைய கடிதங்கள் வரவரச் சின்னதாகின்றன.

அன்போடு,
ஜெயகௌரி


மீசாலை
12.10.2023

மச்சாளுக்கு,

உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமென்று அறிந்தேன். மகளுக்கு வாழ்த்துகள். விபரமாக எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

என் அம்மா ஓகஸ்ட் மாதம் 29ந் திகதி இறந்துவிட்டார். கால் எடுத்து நாலாம் நாள் காய்ச்சல் வந்து பிடித்தது.

உயிரோடு ஒருதரம் பார்த்தேன். மாமியை விட ஆள் இல்லாததால் அவரையும் கூட்டிக்கொண்டு பஸ்சில் போனேன். வாட்டுக்குள் போனதும் மாமி பயந்துவிட்டார். "என்னை ஏன் இஞ்சை கொண்டுவந்தனீ? என்னை வெட்டப்போறியே?" என்று குழறத் தொடங்கினார். மற்ற நோயாளிகள் எல்லாம் எழும்பி இருந்துவிட்டார்கள். நேர்ஸ் நல்ல மாதிரித்தான் சொன்னார், "அம்மா, இவவை வெளியிலை கொண்டுபோங்கோ, பிறகு நீங்கள் வாங்கோ" என்று. வெளியில் யாரிடம் விடுவது? ஒரு கையால் மாமியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் அம்மாவின் தலையைத் தடவினேன். அம்மா என்னை இரு என்று சொல்லவில்லை. "போ பிள்ளை. அவ ரோட்டுக்கு ஓடிடுவா, போ. மச்சாள் வந்த பிறகு ஆறுதலா வா" என்றார். நீங்கள் வரமாட்டீர்கள் என்று நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

செத்தவீட்டுக்கும் மாமியோடுதான் போனேன். எங்கள் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். மாமி பெட்டிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு, "ஆர் செத்தது? உந்த மனிசிக்குப் பிள்ளையள் இல்லையோ?" என்று பலமாகக் கேட்டார். சனம் என்னைப் பார்த்தது. ஐயர் கிரியையைத் தொடங்கினார். சுண்ணம் இடித்து, பாட்டுப் படித்து, வாய்க்கரிசி போடக் கூப்பிடும் நேரம் பார்த்து மாமிக்கு வயிற்றால் போய்விட்டது. கதிரை, சேலை, நிலம் எல்லாம். பக்கத்தில் இருந்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பினார்கள். அத்தனை பேர் நின்றார்கள் மச்சாள். நீ அம்மாவிடம் போ, நான் இவரைப் பார்க்கிறேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அவர்களையும் எப்படிக் குறை சொல்வது. மாமி என் கையை விட்டால்தானே.

பின்னால் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தண்ணீர் வார்த்தால் அடிக்கிறார், வார்க்காவிட்டால் அந்தக் கோலத்தோடு திரும்பி ஓடப் பார்க்கிறார். பறைச் சத்தம் கூடிக்கொண்டு வந்தது. பெண்கள் ஒன்றாகக் குழறுவது கேட்டது. எனக்கு விளங்கியது. மாமியின் சேலையைப் பாதி சுற்றியபடி இழுத்துக்கொண்டு ஓடி வந்தேன். பந்தலில் யாரும் இல்லை. வீடு கழுவத் தொடங்கியிருந்தார்கள். அந்தத் தண்ணீருக்குள் நின்றேன்.

கனகரத்தினம் மாமா சுடலையால் வந்து சொன்னார், "ஐயர் உன்னை ரெண்டுதரம் கூப்பிட்டவர் பிள்ளை. நேரம் போகுது எண்டு பிறகு சொந்தத்திலை மருமக்கள் முறையான ஆக்களைக் கொண்டு அரிசி போடுவிச்சது" என்று.

பெற்ற ஒரே பிள்ளை நான்.

அன்று பின்னேரமே மாமியைக் கூட்டிக்கொண்டு மீசாலைக்கு வந்துவிட்டேன். அங்கே நிற்க அவர் விடவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் போகவில்லை.

மாமி சுகம். குளிசை ஒழுங்காகக் கொடுக்கிறேன்.

கீர்த்திகா


லண்டன்
30.10.2023

அன்பான கீர்த்திகாவுக்கு,

உம்முடைய கடிதத்தை வாசித்துவிட்டு என்ன எழுதுவதென்று தெரியாமல் இருக்கிறேன். உம்முடைய அம்மாவின் ஆத்மா சாந்தியடையட்டும். ஏன் உடனே ஒரு செய்தி போட்டிருக்கக்கூடாது? தெரிந்திருந்தால் ஸ்பெயினைக்கூட விட்டுவிட்டு வந்திருப்பேனே.

நீர் உம்மைக் குற்றவாளியாக நினைக்கவேண்டாம். இப்படியான இழப்பில் கோபம், குற்ற உணர்வு, வெறுமை எல்லாம் மாறி மாறி வரும், அது இயல்பு. நான் வேலையில் எத்தனை பேரைக் கண்டிருக்கிறேன். காலம் ஆற்றும்.

டிக்கெற் போட்டுவிட்டேன். டிசம்பர் 16 வந்து ஜனவரி 6 வரை நிற்பேன். வந்ததும் நாங்கள் இருவரும் இருந்து, உமக்கு என்னென்ன தேவை என்று முறையாக, ஒன்றும் விடாமல் கதைப்போம். பிறகு நீர் பண்டத்தரிப்புக்குப் போய் இரண்டு கிழமை இளைப்பாறும். ஜனவரி 4 அளவில் திரும்பி வந்தால் எனக்கு வெளிக்கிட வசதியாக இருக்கும்.

உம்மைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும்,
ஜெயகௌரி


பண்டத்தரிப்பு
01.01.2024

மச்சாளுக்கு,

மீசாலையில் நீங்களும் மாமியும் சுகமாக இருக்கவேண்டும். பக்கத்தில் இருந்துகொண்டு ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் அழுவீர்கள், நான் வந்துவிடுவேன். கனகரத்தினம் மாமா நாளைக்குச் சாவகச்சேரிக்கு வருகிறார், அவர் கையில் தந்து விடுகிறேன்.

நான் 4ந் திகதி வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

நீங்கள் வந்த அன்று பின்னேரம் விறாந்தையில் இருந்து என்னைக் கேட்டீர்கள், "சொல்லும் கீர்த்திகா, உமக்கு என்ன தேவை?" என்று. என்னிடம் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. எங்கே தொடங்குவதென்று யோசித்து, விரல் வீங்கிய கதையிலிருந்து சொல்லத் தொடங்கினேன். கதவில் நசுங்கவில்லை, மாமி பிடித்து மடக்கினவர் என்று சொல்லிவிட்டு உங்களைப் பார்த்தேன். பயணக் களைப்பு, கதிரையிலேயே நித்திரையாகிவிட்டீர்கள். ஒரு போர்வை கொண்டுவந்து போர்த்துவிட்டு, மாமிக்குச் சாப்பாடு தீத்தப் போனேன். அடுத்த நாள் காலையில், "எல்லாம் கதைச்சதாலை மனம் லேசாப் போச்சுது என்ன?" என்றீர்கள். ஓம் என்றேன்.

இங்கே வந்து முதல் மூன்று நாளும் நித்திரைதான். மாமா வந்து தட்டித்தான் சாப்பாடு. அதற்குப் பிறகு அம்மாவின் அறையைத் திறந்தேன். புதுப்பாய் கட்டு அவிழ்க்காமல் இருந்தது. அதில் இருந்து அழுதேன், கோபம் போகவில்லை. நீங்கள் காலம் ஆற்றும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஆறவேண்டும் என்று விருப்பமும் இல்லை.

கலியாணத்துக்கு முதல் நான் படிப்பித்த முன்பள்ளியில் ஒரு ஆசிரியை தேவையாம். தைப்பொங்கல் கழியச் சேர்கிறேன்.

மாமியின் குளிசைகள் சமையலறைச் சீலைப் பையில். குளிக்கவார்க்கும்போது தலைக்கு முதலில் வார்க்காதீர்கள், காலிலிருந்து தொடங்குங்கள். படலைக்கு மேல்கொழுக்கி போட்டிருக்கிறது, அவருக்கு எட்டாது.

கீர்த்திகா


லண்டன்
25.02.2024

கீர்த்திகாவுக்கு,

சுகமாக இருப்பீர் என்று நினைக்கிறேன். நான் சுகமில்லை.

உம்முடைய கடிதம் வந்த அன்றே நான் போன் எடுத்தேன், பிறகும் எத்தனையோ தரம் எடுத்தேன், நீர் எடுக்கவில்லை. லீவை இரண்டு தரம் கூட்டிக் கேட்டு பெப்ரவரி நடுப்பகுதிவரை அந்த வீட்டில் நின்றேன். அம்மாவுக்கு என்னைத் தெரியவில்லை, கீர்த்திகா. ஒருநாளும் தெரியவில்லை. "ஆர் பிள்ளை நீ? என்ரை மகள் லண்டனிலையிருந்து வாறாள், அவளின்ரை கட்டிலிலை படுக்காதை" என்று என்னை எழுப்பினார். என் பாஸ்போட்டைக் கிணற்றுக்குள் போட்டார். நான் சமைத்ததை என் முகத்தில் துப்பினார். ஒரு நாள் குளிக்கவார்க்கும்போது... அதை எழுதி என்ன.

நான் எத்தனையோ குடும்பங்களுக்கு வழி சொன்னவள். எனக்கு வழி சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. அந்தத் தாரிகாவும் வந்தார். என்னிடமும் சக்கர நாற்காலி வேண்டுமா என்று கேட்டார்.

கடைசியில் நல்லூர்ப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் அம்மாவை விட்டுவிட்டு வந்தேன். நல்ல துப்புரவான இடம். விட்டுவிட்டுத் திரும்பும்போது அம்மா என்னைப் பார்க்கவுமில்லை. சீவரத்தினம் ஐயாவின் மனைவி முகத்துக்கு நேரே கேட்டார், "மருமகள் விட்டிட்டுப் போட்டாள், மகளும் விட்டிட்டுப் போறியோ?" என்று. இதை நீர் எனக்குச் செய்திருக்கக்கூடாது. ஒரு மாதம் முன்னமே சொல்லியிருந்தால் வேறு ஏதாவது ஒழுங்கு செய்திருப்பேன். ஊர் உம்மையும் நல்லதாகக் கதைக்கவில்லை, அதையும் தெரிந்துகொள்ளும்.

சரி, நடந்தது நடந்துவிட்டது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். பண்டத்தரிப்பிலிருந்து நல்லூர் தூரமில்லை. கிழமைக்கு ஒருதரம் போய்ப் பார்த்து, அம்மா எப்படி இருக்கிறார் என்று எனக்கு எழுதும். அந்த ஒரு உதவியையாவது செய்யும்.

ஜெயகௌரி


பண்டத்தரிப்பு
17.03.2024

மச்சாளுக்கு,

உங்கள் உடம்பு தேறியிருக்கவேண்டும். அத்தானையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதுவதற்கு முன்னமே நான் இல்லத்துக்குப் போயிருந்தேன். முன்வீட்டுக்காரி சொல்லித்தான் மாமி அங்கே என்று தெரியும். சனிக்கிழமை முன்பள்ளி இல்லை. அங்கே இருக்கும் பெண்களுக்கும் மாமியைக் குளிக்கவார்க்க முடியவில்லை, ஒரு கிழமையாகத் தலையில் தண்ணீர் படவில்லையாம். நான் வார்த்துவிட்டேன். கத்தினார், அடித்தார், பிறகு துவாயைப் போர்த்துக்கொண்டு என் தோளில் சாய்ந்து இருந்தார். என்னை யாரென்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவரின் மேற்கையில் விரல் பதிந்த நீலம் மங்கலாக இருந்தது. அங்கே வரும்போதே இருந்ததாம். எப்படி வந்தது என்று அவர்கள் என்னைக் கேட்டார்கள். விழுந்திருப்பார் என்று சொன்னேன். குளிக்கவார்க்கும்போது அவர் பிடித்தால் விடமாட்டார், மச்சாள், எனக்குத் தெரியும். என் கையும் அந்த அளவுக்குப் போன நாட்கள் உண்டு. வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்று, மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பி வருவேன். அதைத்தான் அன்று விறாந்தையில் உங்களுக்குச் சொல்ல இருந்தேன். உங்களைப் போன்ற ஒரு ஆளிடம் சொன்னால் விளங்கும் என்று நினைத்தேன்.

ஊர் கதைப்பதை எழுதினீர்கள். கதைக்கட்டும். அம்மாவின் செத்தவீட்டில் கதைக்காமல் நின்றதும் ஒரு ஊர்தானே.

மாமியைப் பற்றி உங்களுக்கு எழுதச் சொல்லிக் கேட்டீர்கள். அது முடியாது. நான் எழுதினால் நீங்கள் வாசித்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போவீர்கள். இவ்வளவு காலமும் அதற்குத்தான் எழுதினேன் என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. இல்லத்துப் பொறுப்பாளர் இங்கிலீஷ் நன்றாகக் கதைக்கிறார், அவரைக் கேளுங்கள்.

சில சனிக்கிழமைகளில் போவேன். சிலதில் போகமாட்டேன், அம்மாவின் வளவில் வேலை கிடக்கிறது, அல்லது எனக்கு மனம் வராது. போனதையும் போகாததையும் இனி ஒருவருக்கும் சொல்லப்போவதில்லை.

கீர்த்திகா